காருக்குள் படியும் புழுதி

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பழைய நண்பர் ஒருவரோடு சென்ற ஆடி மாதம் வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் போக நேர்ந்தது. அவர் வாடகைக்கு அமர்த்தியிருந்தது ஒரு ஜப்பானிய ஹைபிரிட் கார். வெளியே முகம் பார்த்துத் தலைவாரிக் கொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு. உள்ளேயும் டாஷ்போர்ட் முழுவதும் ஏதோவொரு திரவத்தைப் பூசி மினுக்கியிருந்தார்கள். முன் கண்ணாடிக்கு மேலே இரண்டு வாசனை அட்டைகள் ஆடிக்கொண்டிருந்தன. “ஊர் முன்னேறிவிட்டது” என்று நண்பர் மகிழ்ந்து போனார்.

ஏ9 வீதியில் மாங்குளம் வரை ஒரு குறையுமில்லை. அங்கே கிழக்கே திரும்பி, ஒட்டுசுட்டானைத் தாண்டியதும், நண்பரின் உறவினர் வீட்டைத் தேடி ஒரு கிறவல் பாதையில் இறங்கினோம். கச்சான் காற்று வீசும் காலம். முன்னே போன உழவு இயந்திரம் கிளப்பிய செம்மண் புழுதிக்குள் நாமும் போனோம். சிறிது நேரத்தில் பின்னிருக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு விசிறி ஓலமிடத் தொடங்கியது. பிறகு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. சாரதிக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். பாலை மரமொன்றின் கீழே வண்டியை நிறுத்திவிட்டு, தொலைபேசியில் யார் யாரையோ கேட்டு, கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தார். பின்னிருக்கையின் பக்கவாட்டில் சிறிய சல்லடையிட்ட துவாரம் ஒன்று இருந்தது. அதை நண்பரின் பயணப்பொதி அடைத்திருந்தது. பொதியை நகர்த்திப் பார்த்தால் சல்லடையின் மேல் பஞ்சுபோலப் புழுதி; ஒருநாள் புழுதியல்ல, மாதக் கணக்கில் சேர்ந்தது.

அந்தத் துவாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நம் வீதிகளில் மிகுதியாக ஓடும் பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களில் உயர் மின்னழுத்தப் பற்றரி இன்ஜினுக்குப் பக்கத்தில் இல்லை. பின்னிருக்கைக்குப் பின்னாலோ அதன் அடியிலோ இருக்கிறது. ஓடும்போது அது சூடாகும். அதைக் குளிர்விக்க ஒரு விசிறி, நாம் அமர்ந்திருக்கும் இடத்துக் காற்றையே உறிஞ்சி அதன் மேல் செலுத்துகிறது. நம் மூக்கில் ஏறும் புழுதியே பற்றரிக்கும் போகிறது. துவாரம் அடைபட்டால் பற்றரி வேகும், ஆயுள் குறுகும். மாற்றப் போனால் செலவு இலட்சக்கணக்கில். அந்தச் சாரதி கிழமைக்கு ஒருமுறை காசு கொடுத்து உட்புறத்தை மினுக்குவித்து வந்திருக்கிறார். காசு வாங்கியவர்கள் அந்தத் துவாரத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. வேண்டியிருந்ததெல்லாம் ஒரு பழைய பல்துலக்கும் தூரிகையும் பத்து நிமிடமுந்தான்.

காரின் உட்புறத்தைத் துப்புரவாக வைத்திருப்பதை நாம் அழகு வேலையாக எண்ணத் தொடங்கிவிட்டோம். இது எங்கு நடந்தாலும் நடக்கட்டும், வன்னியில் நடப்பதுதான் எனக்கு வியப்பு. ஒரு வண்டியின் உட்புறம் எதற்காக இருக்கிறது என்பதை அந்த மண்ணின் மக்களைப்போல அறிந்தவர்கள் அதிகம் பேர் இருக்க முடியாது.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியபின் வடக்கின் மீது பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் சாதாரண மக்களுக்கு எட்டாத பொருளாயிற்று. மோரிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40யும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் பொன்போல வைத்திருந்த பெற்றோலைக் காபரேட்டருக்குள் சில சொட்டுகள் விட்டு இன்ஜினை எழுப்புவார்கள். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறும். வெளிநாட்டு நிருபர்கள் இதையெல்லாம் வியந்து எழுதினார்கள். அவர்கள் எழுதாத ஒன்று உண்டு. அந்தக் கார்களுக்குள் அமர்ந்து பயணம் செய்வது எப்படி இருந்தது என்பதே அது. மண்ணெண்ணெய்ப் புகை இருக்கைப் பஞ்சுக்குள்ளேயே குடியிருந்தது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினாலும் மணம் போகாது.

1995 ஒக்ரோபரில் வலிகாமம் வெறுமையாகி, இடம்பெயர்ந்தோரில் பலர் கிளாலிக் கடல்நீரேரியைத் தாண்டி வன்னிக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு கிளிநொச்சியும் இடம்பெயர்ந்தது. மல்லாவி திடீரென்று ஒரு நகரமாயிற்று. அங்கே ஒரு ஏ40 காரை வாடகைக்கு ஓட்டிய ஒருவரை 1997 இல் நான் அறிந்துகொண்டேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அண்ணை என்றே அழைப்பேன். செய்தி தேடி அலைந்த நாள்களில் பலமுறை அவருடைய காரில் போயிருக்கிறேன். பாதிநேரம் அது வாடகைக் காராக இருக்காது, நோயாளர் வண்டியாகத்தான் இருக்கும். மலேரியாக் குளிரில் நடுங்குபவர்கள், பேறுகாலப் பெண்கள், பாம்பு தீண்டியவர்கள், ஷெல் விழுந்த இடத்திலிருந்து தூக்கி வரப்பட்டவர்கள் என எல்லோருக்கும் அந்தப் பின்னிருக்கைதான்.

ஒவ்வொரு நாளும் மாலையில் அவர் பின்னிருக்கையைக் கழற்றி வெளியே எடுத்துக் கிணற்றடியில் வைப்பார். சவர்க்காரம் அருமையான பொருளாயிருந்த காலம். துணி துவைப்பதற்குப் பனம்பழத்தைப் பயன்படுத்தியதை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். அவர் இருக்கை உறையையும் அப்படித்தான் துவைத்தார். ஒருநாள் அவருக்கு உதவலாமென்று, தேநீருக்காகக் கொதித்துக்கொண்டிருந்த நீரில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனேன். தடுத்துவிட்டார்.

“சுடுதண்ணி வேண்டாம் தம்பி. சூடு பட்டால் ரத்தம் துணியிலையே அவிஞ்சு பிடிச்சிடும். பச்சைத் தண்ணிதான். பிறகு கொஞ்சம் உப்புத் தண்ணி.”

இவ்வளவு மினக்கெட வேண்டுமா, நாளைக்கும் இதே கதைதானே என்று கேட்டேன். இளம் வயது; அப்படித்தான் கேட்கத் தோன்றும். “அடுத்து ஏறுறவன் பயப்பிடக் கூடாது” என்றார். அதற்குமேல் அவர் விளக்கவில்லை. இரத்தத்திலுள்ள புரதம் வெப்பத்தில் உறைந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்கவில்லை.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. காரின் உட்புறம் அப்போது வேறு விதமாக நமக்கு அறிமுகமாயிற்று. இரு தரப்புச் சோதனை நிலையங்களிலும் வண்டிகள் குடைந்து பார்க்கப்பட்டன. இருக்கைகள் இறக்கப்பட்டன, கால்மிதிகள் புரட்டப்பட்டன, கதவின் உட்பலகைகள் தட்டிப் பார்க்கப்பட்டன. இவற்றில் ஒரு நிலையத்தில் (எதுவென்று சொல்லி இப்போது ஆகப்போவது ஒன்றுமில்லை) நான் வந்த வானின் பின்னிருக்கை உறையை நீளமாகக் கிழித்துப் பார்த்துவிட்டு அனுப்பிவைத்தார்கள். சாரதி மறுநாளே மீன்வலை நூலால் அதைத் தைத்துவிட்டார். தையல் அவ்வளவு நேர்த்தி. அதற்குள் ஏதோ ஒளித்திருக்கிறது என்று அடுத்த முறை அதே இடத்தில் மறுபடியும் கிழித்தார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றோம். 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது.

பிறகு 2009. கிளிநொச்சியிலிருந்து கிழக்கே நகர்ந்த மக்களுக்கு வண்டிதான் வீடு. உழவு இயந்திரப் பெட்டிகளிலும் லாண்ட் மாஸ்ரர்களிலும் கார்களின் அடியிலும் குடும்பங்கள் படுத்துறங்கின. போர் முடிந்தபின் அந்தக் கரையோரத்தில் எரிந்தும் துருப்பிடித்தும் கிடந்த வாகனங்களின் படங்களை உலகமே பார்த்தது. நான் நேரில் பார்த்தபோது என் கண் போனது உட்புறங்களுக்குத்தான். பஞ்சு எரிந்துபோன இருக்கைகளின் கம்பிச் சுருள்கள், ஓர் அலுமினியப் பானை, நனைந்து உப்பிய பாடசாலைக் கொப்பி. மல்லாவி அண்ணை தம் ஏ40 காரை மாத்தளன் பக்கத்தில் விட்டுவிட்டு நடந்தார். உயிரோடு வந்து சேர்ந்தார். இன்றும் கிளிநொச்சியில் இருக்கிறார்.

பழங்கதை பேசிப் புலம்புகிறேன் என்று நினைக்க வேண்டாம். இன்றைய கணக்குக்கே வருகிறேன்.

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அதுவும் நடுத்தரக் குடும்பத்தை மலைக்க வைக்கும் வரியோடு. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய கார்களின் விலை, அவை புதிதாக வந்தபோது இருந்த விலையையும் தாண்டிப் போனது. ஆகவே வன்னியில் இன்று ஓடும் கார்களில் பெரும்பாலானவை பத்து, பதினைந்து வயதானவை, இன்னும் பத்து ஆண்டுகள் ஓடவேண்டியவை. நுண்கடன் வாங்கியும், வெளிநாட்டிலுள்ள சகோதரன் அனுப்பிய பணத்திலும், காணியை ஈடு வைத்தும் வாங்கப்பட்டவை. வாடகைக்கு ஓடும் ஒரு காரை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது. இந்த நிலையில் உட்புறப் பராமரிப்பை மினுக்கும் திரவத்திடம் ஒப்படைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தத் திரவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சிலிக்கோன் எண்ணெய் கலந்தது. டாஷ்போர்ட்டில் பூசினால் வெயில் அதில் பட்டுக் கண்ணாடியில் தெறிக்கிறது; நண்பகலில் சாரதியின் கண்ணுக்கு முன்னே ஒரு வெண்திரை. எண்ணெய்ப் பசையில் புழுதி இன்னும் நன்றாக ஒட்டும் என்பது வேறு. சில இடங்களில் பையன்கள் உற்சாக மிகுதியில் ஸ்ரியரிங்கிலும் பிறேக் மிதியிலும்கூடப் பூசி விடுகிறார்கள். வழுக்குகிற பிறேக் மிதியை அழகு என்று எப்படிச் சொல்வது?

இருக்கை உறைகள் அடுத்த வியாதி. புதுக்காரோடு வந்த பொலித்தீன் உறையை ஆண்டுக் கணக்கில் கழற்றாத வீடுகளை எனக்குத் தெரியும். வியர்வையும் ஈரமும் அதற்குள் அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். அதன்மேல் இன்னொரு தடித்த உறை. முன்னிருக்கையின் பக்கவாட்டில் காற்றுப்பை உள்ள கார்களில், இறுகக் கட்டிய உறை அது விரிவதைத் தடுக்கலாம். பின்னிருக்கைப் பட்டிகளின் கொளுவிகள் உறைக்கு அடியில் புதைந்து போகின்றன. அவை இருப்பதே பிள்ளைகளுக்குத் தெரியாது. பட்டியையும் துப்புரவாக்க வேண்டும். முழு நீளத்துக்கும் வெளியே இழுத்து, மெல்லிய சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் உலர்ந்தபின்தான் உள்ளே விடவேண்டும். வெளுக்கும் மருந்து போடக் கூடாது. அது நூலின் வலிமையைத் தின்றுவிடும்.

கால்மிதி ஒரு சிறிய பொருள் என்று எண்ணுவோம். 2009 இல் அமெரிக்காவில் டொயோட்டா நிறுவனம் சுமார் 40 இலட்சம் கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், முன்னே நகர்ந்த கால்மிதி வேகமிதியைச் சிக்கவைக்கக்கூடும் என்பதே. நம்மூரில் சந்தையில் வாங்கிய அளவு பொருந்தாத இறப்பர் மிதியைச் சாரதியின் காலடியில், பழைய மிதிக்கு மேலேயே போட்டு விடுகிறோம். போதாததற்கு உருளும் தண்ணீர்ப் போத்தல் வேறு.

புழுதிக்கு வருவோம். நம் பக்கத்தில் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு: ஈரத்துணியை முதலில் எடுப்பது. செம்மண் புழுதியில் ஈரம் பட்டால் அது சேறு. துணியின் நெசவுக்குள் இறங்கிவிட்ட சேற்றை எவராலும் எடுக்க முடியாது. பிளாஸ்ரிக் பரப்பிலோ அது மண்தாள் போலக் கீறும். முதலில் உலர்ந்த தூரிகை, மேலிருந்து கீழாக. கால்மிதிகளை வெளியே எடுத்து அடித்துத் தட்டவேண்டும். உறிஞ்சும் இயந்திரம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தும்பு விளக்குமாறும் திறந்த கதவுகளும் போதும். அதன் பிறகே நன்றாகப் பிழிந்த ஈரத்துணி. கையுறைப் பெட்டிக்குப் பின்னால் குளிரூட்டியின் காற்று வடிகட்டி இருக்கிறது. இதைப் பத்து ஆண்டுகளாகத் திறந்தே பார்க்காத கார் ஒன்றை அண்மையில் கண்டேன். அதிலிருந்து பாலைமரச் சருகுகளும் எலிப்புழுக்கையும் வந்தன. அந்தக் காற்றைத்தான் ஒரு கைக்குழந்தை மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தது. எலிக்கும் காரணம் உண்டு. நெல் மூட்டை ஏற்றாத கார் வன்னியில் ஏது? சிந்திய நெல்மணிக்கு எலி வரும். நெல் தீர்ந்ததும் வயரைக் கடிக்கும். முல்லைத்தீவிலிருந்து கருவாடு கொண்டு வருவோருக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: மூடியுள்ள வாளி. மணம் ஏறிய பிறகு வாசனை அட்டை எதையும் போக்காது. கருவாட்டோடு மல்லிகையும் சேர்ந்து வீசும், அவ்வளவுதான்.

தண்ணீர் இன்னும் கொடியது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனையோ வாகனங்கள் நீருக்குள் நின்றன. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு மறுபடியும். வெள்ளம் வடிந்ததும் மேலே துடைத்துவிட்டு, காய்ந்துவிட்டது என்று ஓட்டத் தொடங்குகிறார்கள். கார்ப்பெட்டின் மேற்பரப்புத்தான் காய்ந்திருக்கும். அதன் அடியிலுள்ள தடித்த பஞ்சு கிழமைக் கணக்கில் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அதன் கீழேதான் வயர்களும் இணைப்புகளும் தரைத் தகடும் இருக்கின்றன. இருக்கைகளைக் கழற்றி, கார்ப்பெட்டையும் பஞ்சையும் முற்றாக வெளியே எடுத்து வெயிலில் போடுவதைத் தவிர வேறு வழி இல்லை. அதுவும் முதல் இரண்டொரு நாளுக்குள், பூஞ்சணம் முந்துவதற்குள். ஹைபிரிட் கார் என்றால் பின்னிருக்கைப் பக்கம் நீங்களாகக் கை வைக்க வேண்டாம். உயர் மின்னழுத்தம் தெரிந்தவர் வந்து பற்றரித் தொடர்பைத் துண்டித்த பிறகுதான் மற்றவையெல்லாம்.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2005 இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் வெயிலில் மூடி நிறுத்திய காரின் உள்வெப்பத்தை அளந்தார்கள். ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 பாகை செல்சியஸ் கூடியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய், காரை வெட்டவெளியில் விட்டுவிட்டு வருவோர் இதை நினைவில் வைக்கலாம். தெளிப்பான் குப்பிகளையும் சிகரெட் பற்றவைக்கும் லைற்றர்களையும் உள்ளே விட்டுச் செல்லக் கூடாது. உறங்கும் குழந்தையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இவற்றில் ஒன்றுக்கும் பெரிய செலவு இல்லை. நேரம்தான் வேண்டும். அந்த நேரம் யாருடையது என்பதில்தான் எனக்குப் புலம்பெயர்ந்த வாசகர்களோடு ஒரு வழக்கு இருக்கிறது. ஆடியிலும் ஆவணியிலும் வந்து, காலை 5 மணிக்குப் புறப்பட்டு, மூன்று கோயில்களும் நான்கு உறவினர் வீடுகளும் பார்த்து, இரவு 10 மணிக்கு இறங்குகிறீர்கள். பிள்ளைகள் சிந்திய குளிர்பானமும், கடற்கரை மணலும், கச்சான் கோதும் பின்னிருக்கையில் கிடக்கின்றன. மறுநாள் காலை 5 மணிக்கு வண்டி பளிச்சென்று நிற்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். அந்தச் சாரதி எப்போது துப்புரவாக்குவார், எப்போது உறங்குவார்? உறங்காத சாரதியோடு ஏ9 வீதியில் போவது புழுதியைவிட ஆபத்தானது. ஆகவே அவர் செய்யக்கூடியதைச் செய்கிறார்: குப்பையை மேலோட்டமாகத் தட்டிவிட்டுத் திரவத்தைப் பூசுகிறார், வாசனை அட்டையைத் தொங்கவிடுகிறார். மினுக்கத்தைக் கேட்டது நாம்தான். நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் துப்புரவுக்கென்று விட்டு, அதற்கும் சேர்த்துக் காசு கொடுத்தால் அந்தக் கார் நீடிக்கும். அவருடைய வீட்டு அடுப்பும் எரியும்.

என் நண்பர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. “அங்கே நாங்களே கழுவுகிறோம்” என்றார். சரி, இங்கேயும் கழுவுங்களேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். ஆனால் அன்று அந்தப் பாலை மரத்தடியில் தம் பயணப்பொதியைத் திறந்து, விமானத்தில் கொடுத்த புதுப் பல்தூரிகையை எடுத்துச் சாரதியிடம் நீட்டியவர் அவர்தான். இருவருமாகச் சேர்ந்து சல்லடையைச் சுரண்டினார்கள். அரை மணி நேரம் இளைப்பாறவிட்டு, பொதியை முன்னிருக்கைக்கு மாற்றி, மெதுவாக ஓட்டிப் போனோம். விளக்கு மறுபடி எரியவில்லை.

அன்றிரவு மல்லாவி அண்ணைக்குத் தொலைபேசி எடுத்து இந்தக் கதையைச் சொன்னேன். அவருடைய மகன் இப்போது ஓர் அக்குவா வைத்து ஓட்டுகிறார். அண்ணை முழுவதையும் கேட்டுவிட்டு, “அந்த ஓட்டை எந்தப் பக்கம் எண்டு சொன்னனீ?” என்று கேட்டார். பின்னிருக்கைக்கு அடியில் பார்க்கச் சொன்னேன். “கொஞ்சம் பொறு” என்றார். ரோச் லைற்றைத் தேடுவது கேட்டது. பிறகு மறுமுனையில் ஒரு கார்க் கதவு திறந்தது.